குழந்தைக்கு ஒரு மங்குஸ்தீன் தொப்பி



ஊசி நூல் சமாச்சாரம் நமக்குப் புதிதல்ல. கிழிந்த கைலியைத் தைப்பதிலிருந்து பிள்ளைக்குச் சட்டை வெட்டுவது வரை தோட்டத்துப் பெண்கள் செய்யாத கைவேலை இல்லை. குரோசே ஊசியும் அப்படித்தான். நுனியில் கொக்கி வைத்த ஒரே ஒரு ஊசி. 'குரோசே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே 'சின்னக் கொக்கி' என்றுதான் பொருள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு மேசை விரிப்பும் வானொலிப் பெட்டிக்கு மூடியும் பின்னினோம். இப்போது காலம் மாறிவிட்டது. இளம் தாய்மார்கள் விரும்புவது பிள்ளைக்கு வேடிக்கைத் தொப்பி! முயல் காது வைத்தது, பூனைக் காது வைத்தது, பழம் மாதிரி இருப்பது.

"அட, நம்ம பாப்பாவுக்கும் ஒண்ணு பின்னலாமே!" என்று தோன்றும். தாராளமாகப் பின்னலாம். ஆனால் படத்தில் பார்க்க அழகாக இருக்கும் தொப்பியெல்லாம் பிள்ளைத் தலைக்கு ஏற்றதல்ல. அந்தப் படங்களில் பல குளிர் நாட்டில் எடுத்தவை. நம் ஊர் வெயிலில் அதே கம்பளித் தொப்பியைப் போட்டால் பிள்ளைக்கு வேடிக்கை இல்லை, வேதனை. ஆகவே இந்த வாரம் நம் ஊர்ப் பழத்தைக் கொண்டு, நம் ஊர் நூலில், நம் பிள்ளைக்கு ஏற்ற தொப்பி ஒன்றைப் பின்னக் கற்றுக்கொள்வோம். மங்குஸ்தீன் தொப்பி!

ஏன் மங்குஸ்தீன்?

ரம்புத்தான் தொப்பி இன்னும் வேடிக்கையாக இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கும். சிவப்பு நூலில் வளையம் வளையமாக முடி விட்டால் அசல் ரம்புத்தான்தான். ஆனால் அந்த வளையத்துக்குள் பிள்ளையின் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். நூல் விரலில் இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிப் போகும். பேசத் தெரியாத பிள்ளை அழுவதைத் தவிர வேறென்ன செய்யும்? நாமும் பசி என்று நினைத்துப் பாலைக் கொடுத்துக்கொண்டிருப்போம். அதனால் கைக்குழந்தைக்கு ரம்புத்தான் வேண்டாம்.

மங்குஸ்தீன் அப்படியல்ல. உருண்டை உடம்பு, தலையில் நான்கு பச்சை இதழ், நடுவே ஒரு காம்பு. தொங்குவது எதுவும் இல்லை. வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் அதற்கும் ஒரு விளையாட்டு உண்டு. மங்குஸ்தீன் பழத்தைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். சின்னப் பூ முத்திரை மாதிரி ஒன்று இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. பழத்தை உடைக்கும் முன்னே எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். எண் கற்றதும் ஆச்சு, பழம் தின்றதும் ஆச்சு.

நூல் வாங்கும்போது

சமவெளித் தோட்டங்களில் இருப்பவர்கள் பருத்தி நூல்தான் வாங்க வேண்டும். கம்பளியும் செயற்கை நூலும் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்தி வியர்வையை இழுக்கும், துவைக்கவும் தாங்கும். நூல் பந்தைச் சுற்றியுள்ள தாளில் எத்தனை விழுக்காடு பருத்தி என்று போட்டிருப்பார்கள். 'மில்க் காட்டன்' என்று விற்கிற நூலில் பருத்தியோடு வேறு நூலும் கலந்திருப்பது வழக்கம். பெயரைப் பார்த்து ஏமாறாமல் கணக்கைப் பாருங்கள். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் கதை வேறு. அங்கே இரவுக் குளிருக்குச் சற்றுக் கனமான நூல் பொருந்தும். எந்த ஊரானாலும் பஞ்சு மாதிரி முடி பறக்கிற நூல் மட்டும் வேண்டாம். பிள்ளை வாயில் வைத்துச் சப்பினால் அந்த முடி தொண்டைக்குள் போகும்.

தேவையானவை: நடுத்தரப் பருமனுள்ள பருத்தி நூல், கரும் ஊதா நிறத்தில் 50 கிராம் பந்து 2, பச்சையில் 1. 4 மில்லிமீட்டர் குரோசே ஊசி. நூல் கோக்கும் மொட்டை நுனித் தையல் ஊசி. ஓர் அளவு நாடா.

கரும் ஊதாவில் ஓர் எச்சரிக்கை. சாயம் இறங்கும். பின்னும் முன் ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் அந்த நூல் பிள்ளைத் தலைக்கு வேண்டாம். பின்னி முடித்த தொப்பியையும் ஒரு முறை அலசிக் காயவைத்த பிறகே போட வேண்டும்.

தலை அளவு

கண் அளவு போதாது. நாடாவைப் புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே, பின் தலையில் புடைத்த இடத்தைச் சுற்றி எடுங்கள். பொதுவாக 3 முதல் 6 மாதப் பிள்ளைக்கு 38 முதல் 43 சென்டிமீட்டர் இருக்கும். 6 மாதம் முதல் ஒரு வயது வரை 43 முதல் 46. ஒன்று முதல் இரண்டு வயது வரை 46 முதல் 48. பின்னல் இழுபடும் என்பதால் தொப்பியைத் தலை அளவைவிட 2, 3 சென்டிமீட்டர் குறைவாகப் பின்ன வேண்டும். நெற்றியில் கோடு விழும்படி இறுக்கமாகவும் இருக்கக்கூடாது, கண்ணை மூடும்படி தளர்வாகவும் இருக்கக்கூடாது.

பிள்ளைக்கு முடி இறக்கப் போகிறீர்களா? அப்படியானால் மொட்டை போட்ட பிறகு அளவெடுங்கள். அடர்ந்த முடி போனபின் தலை சற்றுச் சிறுத்துவிடும். பத்துமலையிலோ வேறு கோயிலிலோ முடி இறக்கிவிட்டு வெயிலில் தூக்கி வரும்போது மெல்லிய பருத்தித் தொப்பி மெய்யாகவே உதவும். தலையில் பூசிய சந்தனம் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். ஈரத்தோடு மூடினால் தோல் அரிக்கும்.

இரண்டே கண்ணி

புத்தகம் பார்த்துப் பின்னுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேயர் 'டபுள்' என்று எழுதுவதை அமெரிக்கர் 'சிங்கிள்' என்று எழுதுவார்கள். பலர் பின்னல் கோணிப் போவதற்கு இந்தக் குழப்பமே காரணம். நமக்கு அந்த வம்பு வேண்டாம். குட்டை, நெட்டை என்று நாமே பேர் வைத்துக்கொள்வோம்.

குட்டைக் கண்ணி: ஊசியைக் கீழ்க் கண்ணிக்குள் விட்டு நூலை இழு. ஊசியில் இரண்டு வளையம் இருக்கும். நூலைச் சுற்றி இரண்டிலும் ஒரே இழுப்பு.

நெட்டைக் கண்ணி: முதலில் ஊசியில் நூலை ஒரு சுற்று. பிறகு கீழ்க் கண்ணிக்குள் விட்டு நூலை இழு. இப்போது மூன்று வளையம். நூலைச் சுற்றி இரண்டை இழு. மறுபடி சுற்றி மீதி இரண்டை இழு.

பின்னும் முறை

காம்பிலிருந்து தொடங்குகிறோம். காம்பைத் தனியாகப் பின்னித் தைத்தால் ஒரு நாள் பிய்த்துக்கொண்டு பிள்ளை வாய்க்குப் போகும். தொப்பியோடு ஒரே நூலாகப் பின்னிவிட்டால் அந்தப் பயம் இல்லை.

காம்பு: பச்சை நூலில் 2 சங்கிலி. முதல் சங்கிலிக்குள்ளேயே 6 குட்டைக் கண்ணி. அந்த 6 கண்ணிமேல் கூட்டாமல் குறைக்காமல் இன்னும் 4 சுற்றுக் குட்டைக் கண்ணி. சுண்டு விரல் நுனி மாதிரி குழாய் எழும்பி வரும்.

இனி வருவதெல்லாம் நெட்டைக் கண்ணி. ஒவ்வொரு சுற்றையும் 3 சங்கிலியில் தொடங்குங்கள். அது முதல் கண்ணிக் கணக்கு. சுற்று முடிந்ததும் அந்த 3ஆம் சங்கிலியில் ஊசியை விட்டு நூலை ஒரே இழுப்பாக இழுத்து இணைத்துவிடுங்கள்.

1ஆம் சுற்று, பச்சை: காம்பின் ஒவ்வொரு கண்ணியிலும் 2. மொத்தம் 12.

2ஆம் சுற்று, பச்சை: ஒவ்வொன்றிலும் 2. மொத்தம் 24.

3ஆம் சுற்று: ஊதா நூலுக்கு மாறுங்கள். ஒன்றில் 1, அடுத்ததில் 2. இப்படியே சுற்றினால் 36.

4ஆம் சுற்று: இரண்டு கண்ணியில் ஒவ்வொன்று, மூன்றாவதில் 2. மொத்தம் 48.

5ஆம் சுற்று: மூன்று கண்ணியில் ஒவ்வொன்று, நான்காவதில் 2. மொத்தம் 60.

இங்கே நிறுத்தி வட்டத்தை மேசையில் பரப்பி அளந்து பாருங்கள். குறுக்களவு 11 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 10தான் இருக்கிறது என்றால் உங்கள் கை இறுக்கம். 4.5 மில்லிமீட்டர் ஊசிக்கு மாறுங்கள். 12 வந்தால் கை தளர்வு. 3.5 ஊசி எடுங்கள். பிரித்துப் பின்னச் சோம்பல்படக்கூடாது. ஐந்து சுற்றைப் பிரிப்பது சுலபம். முழுத் தொப்பியும் தலைக்குப் பொருந்தாமல் போனால் வேலை அத்தனையும் வீண்.

6ஆம் சுற்று அளவுக்குத் தகுந்தது. 3 முதல் 6 மாதப் பிள்ளைக்கு இந்தச் சுற்றே வேண்டாம், 60 போதும். 6 மாதம் முதல் ஒரு வயது வரை, ஒன்பது கண்ணியில் ஒவ்வொன்று, பத்தாவதில் 2. மொத்தம் 66. ஒன்று முதல் இரண்டு வயது வரை, நான்கு கண்ணியில் ஒவ்வொன்று, ஐந்தாவதில் 2. மொத்தம் 72.

இதற்குப் பிறகு கூட்டல் இல்லை. கண்ணிக்குக் கண்ணி ஒன்று. சின்ன அளவுக்கு 7 சுற்று, நடு அளவுக்கு 8, பெரிய அளவுக்கு 9. வட்டம் தானாகக் கிண்ணம் மாதிரி கீழே மடியும். கடைசியில் 2 சுற்றுக் குட்டைக் கண்ணி போட்டு விளிம்பைக் கட்டி நூலை வெட்டுங்கள். விளிம்பை இறுக்கிப் போடாதீர்கள். பிள்ளை நெற்றியில் படும் இடம் அது.

இதழ்கள்: பச்சையில் நான்கு சிறு வட்டம். 4 சங்கிலியை வளையமாக இணைத்து, அதற்குள் 12 நெட்டைக் கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் 2, மொத்தம் 24. ஒவ்வொரு வட்டமும் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வரும். காம்பைச் சுற்றி ஒன்றின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறும்படி நான்கையும் வைத்து, விளிம்பு முழுவதையும் நெருக்கமாகத் தைத்துவிடுங்கள். நுனி தூக்கிக்கொண்டு நின்றால் பிள்ளை பிடித்து இழுக்கும்.

நூல் முனைகளை முடிச்சுப் போட்டு வெட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். பருத்தி வழுக்கும். முனையைப் பின்னலுக்குள் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம், மறுபடி ஒரு பக்கம் என மூன்று தடவை ஓட்டிய பிறகு வெட்டுங்கள். கடைசியில் தொப்பியை உள்பக்கம் திருப்பி உங்கள் விரலால் தடவிப் பாருங்கள். விரல் எங்காவது மாட்டினால் அந்த இடத்தைச் சரி செய்யுங்கள்.

இவ்வளவு கணக்குப் பார்க்க நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. தலைச்சுற்று அகலத்துக்கு ஒரு பட்டைத் துண்டு பின்னி, சுற்றி மடித்துப் பக்கத்தையும் மேலையும் நேராகத் தைத்துவிடுங்கள். பிள்ளை தலையில் வைத்தால் மேல் மூலை இரண்டும் தானாகப் பூனைக் காதாக நிற்கும்.

இதை மறக்காதீர்கள்

தாடைக்குக் கீழே கட்டும் கயிறு வேண்டவே வேண்டாம். சேலைத் தொட்டிலானாலும் ஸ்பிரிங் தொட்டிலானாலும் கயிறு எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும். பொத்தான், மணி, பாசி, பஞ்சுருண்டை எதுவும் மூன்று வயது ஆகாத பிள்ளையின் தொப்பியில் கூடாது. பிய்ந்தால் நேரே வாய்க்குத்தான் போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. பிள்ளை தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். கைக்குழந்தை உடம்புச் சூட்டைத் தலை வழியாகவும் வெளியே விடுகிறது. தலையை மூடி வைத்தால் சூடு ஏறும். உறக்கத்தில் தொப்பி நழுவி மூக்கையும் வாயையும் மூடவும் கூடும். பிறந்த முதல் சில மணி நேரத்தையும் மருத்துவர் சொல்லும் குறைமாதக் குழந்தைகளையும் தவிர, வீட்டுக்குள் சிசுவுக்குத் தொப்பி வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் வெளியிட்ட அறிவுரையில் சொல்கிறது. குளிர் மிகுந்த நாட்டு மருத்துவர்களே அப்படிச் சொன்னால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

"பாவம், பனி பட்டுச் சளி பிடிச்சிடுமே" என்று பாட்டிமார் சொல்வார்கள். அன்பால் சொல்வது. அவர்களிடம் சண்டை வேண்டாம். பிள்ளையின் பின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்து வியர்த்திருந்தால் பிள்ளைக்குச் சூடு அதிகம் என்று அவர்களே கழற்றிவிடுவார்கள். காலையில் வேலைக்குப் போகும் முன் பிள்ளையை ஆயாக் கொட்டகையிலோ, மாமியாரிடமோ, பணம் கொடுத்துப் பார்க்கும் வீட்டிலோ விடும்போது, "தூங்கினா தொப்பியக் கழட்டிடுங்கம்மா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த ஒரு வார்த்தை தொப்பியைவிடப் பெரிய பாதுகாப்பு.

உங்கள் மணி நேரத்துக்கு விலை உண்டு

தொப்பியைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "அக்கா, எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க, இருவது வெள்ளி தரேன்" என்பாள். சந்தோஷம்தான். ஆனால் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

நூலுக்கு 12 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னுவதும் தைப்பதும் சேர்ந்து 5 மணி நேரம். 20 வெள்ளியில் நூல் காசு போக மிச்சம் 8. மணிக்கு 1 வெள்ளி 60 காசு. நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டப்படி மாதம் 1,700 வெள்ளி. மணிக் கணக்கில் 8 வெள்ளி 72 காசு. அதன்படி 5 மணி நேரக் கூலி மட்டும் 43 வெள்ளி 60 காசு. நூலையும் சேர்த்தால் 55 வெள்ளி 60 காசு. மணிக்கு 1 வெள்ளி 60 காசுதான் சம்பளம் என்று கிராணி சொன்னால் வாளியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட மாட்டோமா? அதே கூலியை வீட்டில் உட்கார்ந்து வாங்கினால் மட்டும் அது லாபமாகிவிடுமா?

"பசார் மாலத்தில் பதினஞ்சு வெள்ளிக்கு விக்கிறானே!" என்பார்கள். அதற்கும் பதில் உண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கும் நூல் தொப்பிகள் பல இயந்திரத்தில் நெய்தவை. அசல் குரோசேயை மொத்தமாகப் பின்னித் தள்ளும் இயந்திரம் சந்தைத் தொழிலில் இல்லை. ஒவ்வொரு கண்ணியும் யாரோ ஒரு மனிதக் கை போட்டது. ஆகவே அசல் குரோசே பதினைந்து வெள்ளிக்குக் கிடைத்தால், எங்கோ ஒரு பெண்ணுக்குக் கூலி கொடுக்கவில்லை என்று பொருள்.

இது புதிய கதையும் அல்ல. ஆந்திராவில் நரசாபுரம் என்ற ஊரில் பெண்கள் குரோசே லேஸ் பின்னுகிறார்கள். மரியா மீஸ் என்ற ஆய்வாளர் அவர்களைப் பற்றி 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர்கள் கைவேலை கடல் கடந்து விற்றது. ஆனால் அவர்களைத் தொழிலாளி என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்றே பேர். அந்தப் பேரைச் சொல்லித்தான் கூலியைக் குறைத்தார்கள். 'சும்மா இருக்கிற நேரம்' என்று நாமே சொல்லிக்கொண்டால் நமக்கும் அதே கதிதான்.

அப்படியானால் விற்கக் கூடாதா? விற்கலாம். முன்கூட்டி ஆர்டர் வாங்கி, நூல் காசை முதலில் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். மணி நேரத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கை பழகப் பழக 5 மணி 4 ஆகும், விலையும் கொஞ்சம் இறங்கும். தங்கச்சி பிள்ளைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் காசு வேண்டாம். அது அன்புக் கணக்கு. ஆனால் விலைக்குக் கேட்பவரிடம் கூலியைச் சேர்த்துச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

இன்னொன்று. மரம் வெட்டியோ செம்பனைப் பழம் பொறுக்கியோ வந்த கையும் இடுப்பும் ஏற்கெனவே களைத்திருக்கும். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். அரை மணிக்கு ஒரு தரம் ஊசியைக் கீழே வைத்து விரலை நீட்டி மடக்குங்கள். மங்கல் வெளிச்சத்தில் கரும் ஊதாக் கண்ணி தெரியாது, கண்தான் களைக்கும். நாளைக்கு நான்கு சுற்று என்று வைத்தால்கூட ஒரு வாரத்தில் தொப்பி தயார்.

குரோசே தெரிந்த அக்காமார்கள் தோட்டத்திலும் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் இன்னும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர்களிடம் போய் உட்காருங்கள். கண்ணி போடவும் கற்றுக்கொள்ளுங்கள், கூலிக் கணக்குப் போடவும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் தெரிந்த பெண்ணை யாரும் ஏமாற்ற முடியாது.